கையெழுத்துப் போட வேண்டியது யார்

பிள்ளைகளா, பழிவாங்குவது நல்ல குணம் இல்லை என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். சரிதான். ஆனாலும் நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் சொந்தத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் இன்ஜினியர்களின் பெயருக்கு முன்னால் 'பொறியாளர்' என்று போடாமல் விடமாட்டார்கள். என் மனைவியின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்தில் மாதிரி பார்க்கப் போனோம். என் மகள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். அவள் பெயருக்கு முன்னால் இருந்த அந்தச் சொல்லை மாப்பிள்ளையின் அப்பாவான மச்சான் சிவப்புப் பேனாவால் அடித்தார். நான் ஃபிட்டராக இருக்கும் இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் அவர்தான் இன்ஜினியர்.

"நட்டு போல்ட்டத் தொடாம உக்காந்து தட்டுறதெல்லாம் இன்ஜினியரிங்கா மாப்ளே? அப்ப இங்க டைப் அடிக்கிற பிள்ளைக்கும் சேத்துப் போடுவமா?"

டைப் அடித்த பெண்ணே சிரித்துவிட்டாள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பத்தாவதோடு நின்றவன் நான். மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

நாலைந்து மாதம் காத்திருந்தேன். கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் பேண்டேஜ் வெட்டும் மெஷினில், கரண்ட் போய்த் திரும்பியதும் கத்தி தானாக இறங்கியது. அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா துணியை விலக்கிக்கொண்டிருந்தார், அவர் விரல் மயிரிழையில் தப்பியது. மச்சான் மோட்டாரை மாற்றினார், சுவிட்சை மாற்றினார். கத்தி மறுபடியும் இறங்கியது. முதலாளியிடம் சொல்லி என் மகளை வரவழைத்தேன்.

அவள் முதலில் அந்த அக்காவிடம் கை எங்கே இருந்தது என்று கேட்டாள். பிறகு புரோகிராமைத் திருத்தினாள். பட்டனை அழுத்தாமல் கத்தி அசையக் கூடாது. விரலுக்குப் பதில் குச்சியை வைத்து, கரண்டை இருபது தடவை நிறுத்திப் போட்டுப் பார்த்தாள்.

"மாமா, புரோகிராம மட்டும் நம்பக் கூடாது. கத்திக்கு ஒரு மூடி செஞ்சு மாட்டிருங்க."

ரிப்பேர் நோட்டில் 'பொறியாளர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் உண்டு. மச்சான் வழக்கம்போல் பேனாவைத் திறந்தார். எல்லோரும் பார்க்க நோட்டை இழுத்து மகளிடம் நீட்டினேன்.

"வேல பாத்தவியதான் போடணும் மச்சான். நீங்க செத்த நேரம் ஒதுங்கி நில்லுங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. மகள் என்னை முறைத்தாள்.

"யப்பா, நாளைக்குக் கத்தி எறங்குனா நான்தான் பதில் சொல்லணும். அதுக்காகப் போடுறேன். மாமா மூஞ்சியப் பாக்குறதுக்கு இல்ல."

போட்டாள். அதற்குள் நான் அந்த முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டேன்.