பாட்டில் இல்லாத கபடிப் போட்டி

கல்லூரி மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் நம் வேலையில், எல்லோருடைய ஆட்டமும் முடிந்த பிறகுதான் நம் ஆட்டம் தொடங்கும்: கோணியும் கையுமாகக் குப்பை பொறுக்கும் ஆட்டம்.

நிபந்தனை

தறிக்கூடத்தில் சங்கம் கட்டி, அதனாலேயே வேலை போய், ஆரணியில் ஒரு கல்லூரி மைதானத்துக்கு வந்து சேர்ந்தவன் நான். இங்கும் சும்மா இருக்கவில்லை. பெண்கள் கபடிப் போட்டியில் தண்ணீர் பாட்டிலும் ஃபிளெக்ஸ் பேனரும் கூடாது என்று பிரின்சிபால் அறை வாசலிலேயே நின்றேன். தொல்லை தாங்காமல் இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு தடவை விடறேன். கிரவுண்டுல குப்பை கிடந்துதுன்னா, அடுத்த வருஷம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுங்க!"

துணி பேனர்

துணியில் பேனர் எழுதி, காற்று புகுந்து போக அங்கங்கே கிழித்துவிட்டேன். ஊர்வலங்களில் பேனர் பிடித்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உடற்கல்வி மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாண்ணே, எலி கடிச்ச துணியக் கட்டிகினு இருக்கீங்க?"

ஒற்றை டம்ளர்

டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்தேன். அரையிறுதியில் டைம் அவுட். வெம்பாக்கம் அணியில் ஏழு பேரும் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். ஒருத்தி அண்ணாந்து குடித்து முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. கேப்டன் பொண்ணு என்னைப் பிடித்துக்கொண்டாள். கேன்டீனுக்கு ஓடி, டீ டம்ளர்களை மொத்தமாக அள்ளி வந்தேன்.

"ஜல்திண்ணே! பாட்டில் கூடாதுன்னீங்க சரி, தண்ணியும் கூடாதா?"

கேட்டில் முதலாளி

அந்த நேரம் பார்த்து சிறப்பு விருந்தினர் வந்தார். பட்டுக்கடை முதலாளி, ஒரு காலத்தில் தன் தறிக்கூடத்திலிருந்து என்னை வேலையை விட்டு அனுப்பியவரும் அவரே. கார் டிக்கி நிறையத் தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் அவர் சிரித்த படம். கேட்டிலேயே குறுக்கே நின்றேன். பழைய நாள் திரும்பிவிட்டது போல அப்படி ஒரு சந்தோஷம்! முறைத்தார், பிறகு டிக்கியை மூடச் சொன்னார்.

"யோவ், போனஸ் கேட்டும் என் வழிய மறிச்ச, தண்ணி குடுக்க வந்தாலும் மறிக்கிறியே!"

கடைசிக் குப்பை

இறுதிப் போட்டி முடிந்தது. கூட்டம் கலைந்த மைதானத்தை பிரின்சிபால் சுற்றிப் பார்த்தார். ஒரு பாட்டில் இல்லை, ஒரு கவர் இல்லை. நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் ஆடுகளக் கோடுகளின் மேல் வெள்ளையாக ஏதோ பறந்தது. 'விழித்தெழு வீராங்கனையே, மண்ணைக் காப்பாற்று!' என்று நானே எழுதி அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த துண்டறிக்கை! ஓடி ஓடிப் பொறுக்கினேன்.

"அடுத்த வருஷமும் இப்படியே நடத்தலாங்க. உங்க நோட்டீஸ் மட்டும் வேணாங்க."

எந்த முதலாளிக்கும் வளையாத முதுகு இருந்தாலும், நம் வேலையில் வெற்றியைக்கூடக் குனிந்துதான் பொறுக்க வேண்டியிருக்கிறது.