பேட்டரிக்குப் போர்த்திய கம்பளி

வளைகுடாவிலிருந்து திரும்பிய என் கணவர் பழைய வேன் ஒன்றில் கட்டில், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் பொருத்தினார். ஹீட்டருக்கான பேட்டரியை வண்டிக்கு அடியில் காற்றுப்படும்படி வைத்தார். புதுக்கோட்டை வெயிலுக்கு அதுதான் சரி. அதே வண்டியில் மார்கழியில் காஷ்மீர் போனோம்.

ஒரு மாலை பனி கொட்டிச் சாலை மூடிவிட்டது. அடியிலிருந்த பேட்டரி குளிரில் சோர்ந்து, ஹீட்டர் திணறியது. உடனே அவர் நான் போர்த்தியிருந்த கம்பளியை உருவினார்.

"எனக்குக் குளுருதுங்க" என்றேன்.

"ஒனக்கு ஒடம்புல சூடு இருக்குல்ல? பேட்டரி செத்துச்சுன்னா வேற பேட்டரிக்கு எங்கிட்டுப் போறது?" என்றவர், வெளியே போய் அதைப் பேட்டரிக்குச் சுற்றினார்.

ஏற்கெனவே விறைத்துப்போன பேட்டரி கம்பளிக்குள்ளும் விறைத்தே கிடந்தது. ஹீட்டர் நின்றது. விடிந்தபோது என் இடது கால் சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது. ஊர் திரும்பிய பிறகு, கறுத்துப்போன அதை வெட்டி எடுத்தார்கள்.

இந்த மார்கழிக்கும் கிளம்புகிறார்.

"பேட்டரிய உள்ள கட்டிலுக்கு அடியில மாத்திட்டேன். நம்ம படுத்திருக்குற சூடே அதுக்குப் போதும். வாறியா?" என்றார்.

"நீங்களே அதக் கட்டிப்பிடிச்சுப் படுத்துக்கங்க" என்றேன்.

கம்பளியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.