தண்ணீர் கலக்காத பினாயில்

செஞ்சியில் எங்கள் வீட்டில் ஒரு நாயும், ஒரு பூனையும், அதன் நான்கு குட்டிகளும் இருந்தன. போன மாதம் அனந்தபுரத்திலிருந்து வந்த என் நாத்தனார் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா மரியா, வீடு இப்டி நாறுது!"

எனக்கு அவமானமாகிவிட்டது. அவர் குளிக்கப் போனதும் பினாயிலைத் தண்ணீர் கலக்காமலே ஊற்றித் தரையைத் தேய்த்தேன்.

ஈரம் காய்வதற்குள் குட்டிகள் அதில் நடந்து, பாதங்களை நக்கிவிட்டன. சிறிது நேரத்தில் வாயில் நுரை தள்ளி நடுங்கின. என் கணவர் ஓடிவந்து, இந்த யுத்த காலத்தில் கடையில் கிடைக்காததால் சேர்த்து வைத்திருந்த சோப்பையெல்லாம் கரைத்து அவற்றின் கால்களைக் கழுவினார்.

"அதுங்க கால நக்கும்னு தெரியாதா ஒனக்கு?" என்று கத்தினார்.

மூன்று பிழைத்தன. என் மகளின் செல்லமான சாம்பல் குட்டி செத்துப்போனது.

பள்ளியிலிருந்து வந்தவளிடம், "பூச்சி ஏதோ கடிச்சிட்டுது" என்றேன். அவள் அழுதுகொண்டே கட்டிலுக்கடியில் அந்தப் பூச்சியைத் தேடினாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"பூச்சி இல்லம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வெந்நீரால்தான் வீட்டைக் கழுவுகிறேன். தரை காயும்வரை பூனைகள் கொல்லையில் இருக்கும். காய்ந்துவிட்டது என்று நான் சொன்னாலும், என் மகள் தரையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவற்றை உள்ளே விடுகிறாள்.