வண்டியை விட்டு இறங்காத குப்பைத்தொட்டிகள்

கோட்டுச்சேரியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை. போன வருடம் ஓர் அரசு அலுவலகத்துக்கு வாளி, துடைப்பம், குப்பைத்தொட்டி கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. பத்துப் பக்கம் விதிகள். எனக்கு விளங்கியவை இரண்டுதான். எழுத்தில் ஆர்டர் வராமல் சரக்கை இறக்கக் கூடாது. கேட்ட நேரத்துக்குச் சரக்கு போகாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

ஒரு சனிக்கிழமை காலை கிளார்க் போன் செய்தார்.

"திருநள்ளாறுல கூட்டம் தாங்கலங்க. குளத்துக்கிட்ட இருபது தொட்டி வேணும். பத்து மணிக்குள்ள வந்துடுங்க."

"ஆர்டர் பேப்பர்..."

"அதிகாரி அங்கதான் நிக்கிறாரு, வாங்கிக்கலாம்." வைத்துவிட்டார்.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. கடையில் யாராவது பேரம் பேசினாலே மனைவியைக் கூப்பிட்டுவிடுவேன். அவள்தான் வண்டி கிளம்பும்போது சொன்னாள்: "பேப்பர் கைக்கு வராம ஒரு தொட்டி கீழ எறங்கக் கூடாது. ஆமா!"

ஒன்பதே முக்காலுக்குக் குளக்கரையில் இருந்தோம். அதிகாரி பெரிய அதிகாரிகள் நடுவில் நின்றார். பக்கத்தில் போய் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தேன். திரும்பவில்லை. வந்துவிட்டேன்.

டிரைவர் தொட்டிகளைப் பிரித்து, வண்டி மேலேயே வரிசையாக வைத்திருந்தார். "எறக்கிடவா அண்ணே?"

"இருங்க தம்பி, பேப்பர் வரட்டும்."

சனி தோஷம் தொலைய எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுப் போவது வழக்கம். கழற்றிய ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடி வந்த ஒருவர் வண்டியைப் பார்த்தார். புதுத் தொட்டிகள். போட்டுவிட்டுப் போனார். அவர் பின்னால் பத்துப் பேர். 'ஐயா, இது இன்னும் சப்ளை ஆகலீங்க' என்று சொல்ல நினைத்து, அடுத்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். ஒரு அம்மாள், "இவ்ளோ ஒசரத்துல வெச்சா கைக்கு எட்டுமா?" என்று திட்டினார். மன்னிப்புக் கேட்டு, ஒரு தொட்டியை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன். அரை மணி நேரத்தில் இருபதும் நிரம்பிவிட்டன.

அப்புறம்தான் கிளார்க் பைக்கில் பேப்பரோடு வந்து, அதிகாரியையும் அழைத்து வந்தார். அதிகாரி ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். எனக்கு உயிர் வந்தது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கும் போடக் குனிந்தவர் வண்டியைப் பார்த்தார்.

"என்னங்க, பழசா?"

"புதுசுதாங்க சார். ஜனங்க போட்டுட்டாங்க."

"புதிய, பயன்படுத்தாத தொட்டின்னு போட்டிருக்கே. காலியா எண்ணிப் பாக்காம எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"கொட்டிக் காட்டுங்க, முடிஞ்சிடும்" என்றார் கிளார்க், இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு.

டிரைவர் நான்கு அடி தள்ளிப் போனார். "அடுத்தவங்க கழிச்ச துணிய நான் தொட மாட்டேண்ணே. எனக்கு ஏழரை முடிஞ்சு ரெண்டு மாசந்தான் ஆவுது."

ஆகவே நானே ஒவ்வொன்றாக இறக்கிக் கவிழ்த்தேன். அதிகாரி தூரத்தில் நின்று எண்ணினார். பதினெட்டு, பத்தொன்பது என்று வரும்போது ஒருவர் முதல் தொட்டியில் ஒரு துண்டைப் போட்டார்.

"எடுங்கய்யா அதை!"

கத்தியது நான்தான். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"எடுத்தா சனி திரும்பி வந்துடும் சார்" என்று அவர் ஓடியே போனார். துண்டை நானே எடுத்தேன். அதிகாரி வேகமாகக் கையெழுத்துப் போட்டார்.

பார்த்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மா இடுப்பில் கை வைத்தார். "கையெழுத்துக்குக் கொட்டினீங்க, சரி. இப்ப யாரு அள்ளுவா? குனிங்க அண்ணே."

இருபது தொட்டியையும் திரும்ப நிரப்பினேன்.

வீட்டு வாசலில் மனைவி கையை நீட்டித் தடுத்தாள். "அங்கயே நில்லுங்க. பேப்பர மட்டும் குடுங்க."

இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டு, "சரி, பின்னால போய்க் குளிங்க" என்றாள். "அந்தச் சட்டைய உள்ள கொண்டாராதீங்க."