கொலு வீடுகளுக்குப் போக நான் தின்ற மாத்திரை

எனக்குப் பெருங்குடலில் புண். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடங்கிக் கிடக்கும், திடீரென்று கிளம்பும். கிளம்பினால் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஓட வேண்டும், ரத்தமும் போகும். மகனுக்கு மட்டும் தெரியும். வெளியில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இன்னொருத்தர் வீட்டில் போய், கக்கூஸ் எங்கே என்று இந்த வயசு வரைக்கும் நான் கேட்டதில்லை.

போன வருஷம் நவராத்திரி நெருங்கும்போது அது கிளம்பிவிட்டது. கல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறோம். கொலுவுக்கு அழைத்தும் போகாவிட்டால் மறுநாளே போன் வரும். வெற்றிலை பாக்கு வாங்கி வர, பூஜைக் கூட்டத்தில் டாக்சியிலேயே ஒன்றரை மணி நேரம். எப்படிப் போவேன்?

தெருமுனையில் துர்கா பூஜைப் பந்தல் கட்டிய தூசியில் எனக்குத் தும்மல் வேறு. மருந்துக்கடைக்காரர் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். "தூக்கம் வரும் மாஷிமா, ஒன்று போதும்" என்றார். இங்கே வயசான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் குடல் சமாசாரத்தை அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்குத் தும்மல் நின்றது. எட்டுத் தடவை நாலாகவும் குறைந்தது.

நானே கண்டுபிடித்த வைத்தியம் என்று பெருமைதான். மறுநாளிலிருந்து காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, கொலுவுக்குக் கிளம்பும்போது ஒன்று. அஞ்சு நாள், அஞ்சு வீடு. பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்து பாட்டுக்கூடப் பாடினேன்.

ஆறாம் நாள் வயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது. ஒரு தடவைகூடப் போகவில்லை. காய்ச்சல். வாயு என்றேன். மகன் கேட்கவில்லை, சால்ட் லேக்கில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சின்னப் பெண். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். வழக்கமானதுதான் என்றேன்.

"பொய் சொல்லாதேம்மா," என்றான் மகன். "உன் பையிலே பாதி காலியான அட்டை இருக்கு."

எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டுப் பெங்காலியில் மெதுவாகச் சொன்னாள். "தும்மல் மாத்திரை எல்லாமே இப்படி இல்லை. தூக்கம் வருகிற இந்தப் பழைய ரகம் குடலையும் அசையாமல் பண்ணும். புண் கிளம்பியிருக்கும்போது ஆகவே ஆகாது. உங்களுக்குக் குணமாகவில்லை மாஷிமா. குடல் நின்றுபோய் பலூனாக ஊதிக் கிடக்கிறது. புண்ணோடு இதுவும் சேர்ந்துகொண்டது. இன்னும் ஊதினால் கிழியும். அடங்காவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியதுதான்."

குறைந்ததே என்று நான் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு நாளும் உள்ளே அது ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாயில் தண்ணீர்கூடக் கிடையாது. ஊசி, தினம் எக்ஸ்ரே. ஆபரேஷன் டாக்டர் இரண்டு வேளையும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். காற்று பிரிந்தால் குடல் அசைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம், வெட்ட வேண்டாம். பத்துக் கட்டில் போட்ட வார்டில் அந்த டாக்டர்ப் பெண் வாசலிலிருந்தே கேட்பாள், "மாஷிமா, காற்று பிரிந்ததா?" நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவேன்.

"வெட்கப்பட்டால் வயிறு கேட்குமா, தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் பக்கத்துக் கட்டில்காரி.

நாலாம் நாள் காலையில் பிரிந்தது. டாக்டர் வர நேரம் இருந்தது. மகனுக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தான், பக்கத்தில் எங்கேயோ பூஜை மேளம்.

"கேக்கலைம்மா, சத்தமாச் சொல்லு," என்றான்.

வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.