தொட்டிக்குள் கேட்ட சத்தம்

என் கணவர் வளைகுடா நாடொன்றில், டொல்பின் காட்சி நடக்கிற இடத்தில் வேலை செய்தார். குளத்தைக் கழுவுவதும், மீன் வெட்டி வாளிகளில் நிரப்பிக் கொடுப்பதும் அவருடைய வேலை. அங்கிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். நீலச் சட்டையோடு குளத்தின் விளிம்பில் அவர் குந்தியிருக்க, ஒரு டொல்பின் தண்ணீரிலிருந்து எழும்பி அவருடைய கன்னத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்திருந்தது. எங்கள் ஊர் சாய்ந்தமருதில், என் உம்மாவின் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவேன். "எப்பிடிச் சிரிக்குது பாருங்க" என்று சொல்லாமல் ஒருவரும் போனதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று லீவில் வந்தவர், வந்த கையோடு அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அது சிரிப்பில்ல புள்ள. அதுட வாயே அப்பிடித்தான். அந்தப் படத்தில ஈக்கிறது மௌத்தாப் போயிட்டுது. செத்தத நாங்க தூக்கிக்கொண்டு போன நேரமும் சிரிச்ச மாதிரித்தான் கிடந்திச்சி."

திரும்பிப் போகமாட்டாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கட்டத் தொடங்கிய எங்கள் வீடு யன்னல் மட்டத்தோடு நின்றிருந்தது. நானும் பிள்ளையும் உம்மாவின் வீட்டுப் பின்னறையில் ஒதுங்கியிருந்தோம். "லீவு முடிஞ்சா போவீங்கதானே?" என்று கேட்பேன். "ஓம்" என்பார், முகத்தைப் பார்க்காமல்.

பெருநாள் முடிந்த கையோடு பொத்துவிலிலிருந்து எங்கள் சொந்தக்கார ஹாஜியார் ஒருவர் தேடி வந்தார். அலையில் பலகை வைத்துச் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு அங்கே தங்குமிடம் வைத்திருந்தார். கரைவலையில் ஓர் ஓங்கில் அகப்பட்டதாம். எங்கள் பக்கத்தில் டொல்பினை அப்படித்தான் சொல்வார்கள். அதைத் தங்குமிட முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் விட்டிருக்கிறார். சனம் வந்து குவிகிறது.

"புடிச்ச நாள்லேருந்து ஒண்டும் தின்னுதில்ல, தம்பி. நீங்கதான் ஒருக்கா வந்து பாக்கணும்."

என் கணவர் தயங்கினார். நான்தான் உந்தினேன். பிடித்தமான வேலை ஊருக்குள்ளேயே அமைந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். யுத்த காலமென்பதால் சோதனைச் சாவடிதோறும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து, மறுபடி ஏறி, நண்பகல் லுஹர் தொழுகை நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

தொட்டித் தண்ணீர் பச்சை பிடித்திருந்தது. நாலு தரம் வாலை அடிப்பதற்குள் அடுத்த சுவர் வந்துவிடும். அது ஒரே பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. மூக்கு நுனி சீமெந்தில் உரசித் தோல் போயிருந்தது. மூச்சு விட மேலே வரும்போதெல்லாம் சனம் கைதட்டியது.

இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, அசையாமல் நின்றார். அன்று அது கிட்ட வரவில்லை. நாங்கள் அங்கேயே தங்கினோம்; அடுத்தடுத்த நாட்களிலும் இறங்கினார். ஒரு நாள் அவர் கையிலிருந்த சாளை மீனை வாங்கிக்கொண்டது. பிறகு தினமும் தின்றது. ஹாஜியார் இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இனிப் பாயப் பழக்குங்க, தம்பி."

"பாயணும் எண்டா பட்டினி போடணும், ஹாஜியார். அங்க அப்பிடித்தான். வயிறு நெறஞ்சா பாயாது."

"அல்லாஹ்வே, பட்டினி போடவா? அது ஆசையில பாயிறது இல்லையா?"

ஹாஜியார் உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மனம் சோர்ந்துபோய், அன்றோடு பாயச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஆனால் அதைக் கடலில் விட்டுவிடவும் மனம் வரவில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு நான் நிழல் பார்த்துத் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதுகில் சுவர் அதிர்ந்தது. திரும்பிச் சுவரில் காதை வைத்தேன். கடல் தண்ணீர் இழுக்கிற மோட்டாரின் இரைச்சல் சீமெந்து முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. இவரைக் கூப்பிட்டேன்.

"தண்ணிக்குள்ள சத்தம் இன்னும் கூட. அது சத்தம் போட்டு, அந்தச் சத்தம் திரும்பி வாறதக் கேட்டுத்தான் வழி பாக்கும். இஞ்ச எந்தப் பக்கம் போட்டாலும் சுவரும் மோட்டருந்தான்."

"அங்கயும் இப்பிடித்தானா?"

"அங்க பாட்டும் போடுவானுகள்."

நான் ஹாஜியாரிடம் போய், "மாமா, ஒருக்கா தண்ணிக்குள்ள தலைய வெச்சுப் பாருங்க" என்றேன். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் இறங்கித் தலையை அமிழ்த்தினார். எழும்பி வந்தபோது தாடியில் தண்ணீர் வழிய, "நிப்பாட்டு மோட்டர!" என்று வேலைக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

மோட்டார் நின்றதும் ஓங்கில் சுற்றுவதை விட்டுவிட்டுத் தொட்டியின் நடுவில் அப்படியே கிடந்தது. அது வந்ததிலிருந்து அப்படி நின்றதை யாரும் பார்த்ததில்லை. மோட்டார் இல்லாவிட்டால் தண்ணீர் நாறிவிடும். ஹாஜியார் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து, "காலம விடுவம்" என்றார்.

காலையில் கரைவலைக்காரர் வந்தார்கள். நனைத்த சாக்கில் சுற்றி, தடித்த துணிப் படங்கில் வைத்துத் தூக்கிப் போனோம். வழியெல்லாம் சன்னமாக விசிலடித்தது. கடலில் விட்டதும் சரிந்தது. அலை திரும்பத் திரும்பக் கரைக்குத் தள்ளியது. இவர் நெஞ்சளவு தண்ணீரில் நின்று, மூச்சுத் துளை மேலே இருக்கும்படி அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். வெயில் ஏறிவிட்டது. ஏதோ ஒரு நேரத்தில் அவர் கை வெறுமையாக இருந்தது. பிறகு பிழைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் சொன்னேன், "நீங்க போகவேணாம். வீடு கிடக்கட்டும்."



"நான் போகாட்டி அங்க ஈக்கிறதுகளுக்கு ஆரு மீன் குடுக்கிற? புதுசா வாறவன் அடிப்பான்."

போனார். ஒப்பந்தம் முடியும்வரை இருந்தார். அங்கிருக்கிற டொல்பின்களைக் கடலில் விடச் சொல்லி முதலாளிமாரிடம் கேட்டுப் பார்த்தாராம். சிரித்தார்களாம். அவரால் செய்ய முடிந்ததெல்லாம், குளோரின் மருந்தை அளவாகப் போட்டுக் குளத்தைக் கழுவியதும், காட்சி முடிந்த பிறகு ஒளித்து இன்னொரு வாளி மீன் கொடுத்ததும்தான். ஒரேயடியாக ஊர் திரும்பியவர் கல்முனையில் மீனுக்கு ஐஸ் போடுகிற இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

வந்த அன்று, சாப்பாடு வைத்துக்கொண்டே, "அதுகள் எப்பிடி?" என்று கேட்டேன்.

"ரெண்டு மிஞ்சிக் கிடக்கு" என்றார். முன்பு எத்தனை இருந்தன என்று நான் கேட்கவில்லை.