அளக்காமல் எழுதிய நான்கு

என் நண்பனின் காலை நான்தான் குற்றவாளியாக்கினேன். பிழை அவன் காலில் இல்லை... என் பேனாவில்!

எழுபதுகளில் மெல்பேர்ண் கார்த் தொழிற்சாலை ஒன்றில் நான் பிரேக் பரிசோதிக்கும் பொறியியலாளன். ராஜன் அங்கே சோதனை ஓட்டுநர். இருவரும் யாழ்ப்பாணத்தார், அந்த ஆலையில் வேறு தமிழர் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த எட்டுச் சிலிண்டர் எஞ்சினை உள்ளூர்க் காருக்குள் பொருத்தி, அதுவரை இல்லாத வேகத்தை எட்டப் பார்த்தோம். எஞ்சினைக் கொண்டாட ஆலை முழுதும் இருந்தது. பிரேக்குக்கு நான் ஒருவன்.

அடுத்தடுத்துப் பிடித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். ஆகவே சோதனை இயந்திரத்தில் சக்கரத்தை முழு வேகத்தில் சுழலவிட்டுப் பத்து முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். நான் ஆறு முறை பார்த்தேன். மாலைக்குள் அறிக்கை வேண்டுமென்றார்கள். மீதி நான்கையும் வரைபடக் கோட்டை நீட்டி எழுதிவிட்டேன்.

ஏன்? உங்களுக்கும் தெரிந்த வித்தைதானே! பள்ளி ஆய்வுகூடத்தில் விடையை முன்னே வைத்துக்கொண்டு, அளவீடுகளைப் பின்னே நிரப்பியவர்கள்தானே நாம்? அதற்குத்தான் எனக்கு முழுப் புள்ளியும் கிடைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அறியாதவனா நான்... அறிவேன். சோம்பல். அதைவிடத் திமிர்.

மலைப்பாதை இறக்கத்தில் ராஜன் ஓட்டிய சோதனைக் கார் வளைவைத் தாண்டி மரத்தில் மோதியது. இடுப்பெலும்பு முறிந்தது. விசாரித்தவர்கள் என் தாளைப் பார்த்தார்கள். பிரேக்கில் குறையில்லை, ஓட்டுநர்தான் மிதிக்கவில்லை என்று முடித்தார்கள். நான் இரகசியமாகப் பத்து முறையும் சோதித்தேன். எட்டாவதில் பிரேக் கைவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ராஜன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மச்சான், நான் மிதிச்சனான். நல்லா ஞாபகம் இருக்கு. நீ சொல்லு, பிரேக்கிலை ஏதும் பிழையோ?"

வேலை போய்விடுமே என்ற பயம்... வெட்கம்...

"இல்லையடா. கால் வழுக்கியிருக்கும்."

அவன் என் கையை மெல்ல விட்டான். பிறகு, "நீ சொன்னாச் சரிதான்" என்றான்.

அன்றிலிருந்து அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தன் காலையே நம்பாதவன் எப்படி ஓட்டுவான்? எங்கே போவதென்றாலும் நான்தான் ஏற்றிச் செல்கிறேன். இப்படியொரு நண்பன் கிடைக்கமாட்டான் என்று அவன் மனைவி எல்லோரிடமும் சொல்கிறாள். ஐயோ, அந்தச் சொல்!

சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம், பக்கத்து இருக்கையில் அவன் வலது கால், என் காலுக்கு முன்னதாகவே தரையை அழுத்தி மிதிக்கிறது. அவன் அதைக் கவனிப்பதில்லை. நான் கவனிக்கிறேன்.